கதவுப் பலகையில் ஒரு கிரகம்

எங்கள் வீட்டில் சில நாட்களாகச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இல்லை. பாய் விரித்துக் கீழேதான் சாப்பிடுகிறோம். மேசையை என் மகளும் மகனும் பிடித்துவிட்டார்கள். அங்கே ஒரு வேற்றுக் கிரகம் எழும்பிக்கொண்டிருக்கிறது. மகள் காட்போட்டை வெட்டிக் கோபுரம் செய்கிறாள். மகன் நீல நிற எல்.ஈ.டி. பட்டியைச் சுவருக்குள் ஒளித்து ஒட்டுகிறான். விரல் நுனி அளவுச் சிப்பாய்கள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். இதெல்லாம் போனில் யாரோ வெளிநாட்டுக்காரர் செய்ததைப் பார்த்துப் பழகியது.

"வாப்பா, உங்கட காலத்தில இப்பிடி ஒண்டும் இருந்திருக்காது என்ன?" என்று மகள் கேட்டாள்.

"இருந்திச்சி" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நம்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளே, இது உங்களுக்கும் உங்கள் கூட்டாளிமாருக்கும். சுனாமிக்குப் பிறகு நாங்கள் இருந்த முகாமில் என்னோடு வளர்ந்து, இப்போது தாடியில் நரை கண்டுவிட்ட யாராவது படித்தால், நான் பிழையாகச் சொல்லும் இடத்தைத் திருத்துங்கள். உங்களில் சிலரின் வீட்டார் அந்தக் கிரகத்தில் வீடும் பிடித்தார்கள். மறந்திருக்க மாட்டீர்கள்.

கடல் ஊருக்குள் வந்து போன பிறகு எங்களைக் கல்முனைக்கு மேற்கே, வயலை அண்டிய ஒரு வெறும் காணியில் தகரக் கொட்டில்களில் குடிவைத்தார்கள். பகலில் தகரம் சூடேறி 'டிக், டிக்' என்று வெடிக்கும். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் கதைப்பது கேட்காது. புதுப் பிளாஸ்ரிக் விரிப்பின் மணமும் மண்ணெண்ணெய் மணமும் சோற்றிலும் ஏறியிருக்கும். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் உயிரோடு இருந்தோம். பக்கத்துக் கொட்டில்களில் அப்படிச் சொல்ல முடியாதவர்கள் இருந்தார்கள். அதனால் நாங்கள் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

என் வாப்பா கல்யாண வீடுகளுக்கு லைட் கட்டுகிறவர். மினுங்கிற சின்னப் பல்புச் சரங்களை வாசலிலும் மரத்திலும் கட்டி, ஒரு தெருவையே பூத்த மாதிரி ஆக்கிவிடுவார். கடல் அந்தத் தொழிலையும் கொண்டுபோனது. மணலுக்குள் இருந்து ஒரு சாக்குப் பல்புச் சரம் மட்டும் தோண்டி எடுத்தார். கொட்டில் மூலையில் போட்டார். பிறகு அதன் பக்கம் திரும்பவில்லை.

இன்னொரு பொருளும் கிடைத்தது. அது என் ராத்தாவுக்கு, என் அக்காவுக்கு, வாப்பா கட்டிய வீட்டின் கதவு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மகள் பிறந்த நாளில் இருந்தே வாப்பாமார் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார்கள். இது சரியா பிழையா என்று நீங்கள் பெரியவர்களாகி நன்றாக யோசியுங்கள். அன்றைக்கு அதுதான் வழக்கம். ராத்தாவுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. வீட்டுக்குக் கூரை மட்டும் பாக்கி. பலாமரத்தில் கதவு செய்து, மேற்பலகையில் ஒரு பிறையும் கொடியும் செதுக்கி, வாப்பா அதை முதலிலேயே மாட்டிவிட்டார். கூரை இல்லாத வீட்டுக்குக் கதவு மாட்டியவர் என்று ஊரே பகிடி பண்ணியது.

கடல் போன பிறகு வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் இல்லை. கதவு மட்டும் வெகுதூரத்தில், வாய்க்கால் ஓரப் பற்றைக்குள் செருகிக் கிடந்தது. வாப்பா அதை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

வீடு இல்லை என்றால் கல்யாணம்? அந்தக் கேள்வியோடுதான் எங்கள் கொட்டில் ஒவ்வொரு நாளும் விடிந்தது. மாப்பிள்ளைக்குக் கல்முனையில் ஒரு புடவைக் கடையில் வேலை. நல்ல மனிதர். ஆனால் முடிவு அவருடைய உம்மாவின் கையில். நாங்கள் அவரை மாமி என்று கூப்பிட்டோம். கட்டிய வீட்டோடு வேறு இடங்களில் இருந்து பெண் பேசி வருகிறார்கள் என்று கதை வந்தது. முகாமில் உள்ளவர்களுக்கு வீட்டுத் திட்டம் வரும் என்று அதிகாரிகள் வந்து சொல்வார்கள். நிலத்தை அளப்பார்கள். "வீடுகள் எப்பிடி வரும் எண்டு மாதிரி செஞ்சி காட்டுவம்" என்பார்கள். போவார்கள். மாமியிடம் இருந்து ஒரு முடிவும் வரவில்லை. அப்போது ராத்தாவுக்கு உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த வயது. பகலெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பா.

ஒருநாள் வெளிநாட்டு நிவாரணப் பெட்டிகள் வந்தன. உடுப்பு, சப்பாத்து, பிஸ்கட். எங்களுக்குக் கிடைத்த பெட்டியின் அடியில் கம்பளித் தொப்பிகள் இருந்தன. எங்கள் வெயிலுக்குக் கம்பளித் தொப்பி! அதற்கும் அடியில் இன்னொரு சின்னப் பெட்டி. மூடியில் ஒரு படம். கறுத்த வானம், இரண்டு நிலா, இடிந்த கோபுரங்கள், அவற்றின் ஓட்டைகளுக்குள் இருந்து வரும் சிவப்பும் பச்சையுமான வெளிச்சம். உள்ளே விரல் நுனி அளவுச் சிப்பாய்கள், தாயக்கட்டைகள், ஒரு அளவு நாடா, ஒரு ஆங்கிலப் புத்தகம். சில சிப்பாய்களுக்கு யாரோ ஒரு பிள்ளை பாதி நிறம் பூசியிருந்தது. அந்தப் பிள்ளை யார், ஏன் பாதியில் விட்டது என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

உம்மா ஒரு சிப்பாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் உள்ள பொம்மையை வீட்டில் வைக்க அவர் விடமாட்டார். "முகம் இரிக்கா?"

"இல்ல உம்மா. ஹெல்மட்தான்" என்றேன்.

"கண்ணு, மூக்கு?"

"ஒண்டுமில்ல."

"அப்ப வெச்சிரு. ஆனா துவக்குப் பிடிச்சவனுகளக் கண்டு கண்டு களைச்சிட்டம் மனே. வாசல்ல நிப்பாட்டாத."

என் தங்கச்சி, அப்போது பால்பல் விழுந்த வாயோடு இருந்தவள், மூடிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காக்கா, நாம இத மாதிரி ஊர் செய்வமா?" என்று அண்ணனாகிய என்னைக் கேட்டாள்.

"செய்வம்."

"உடைஞ்ச வீடு வேணாம்" என்றாள். "உடையாத வீடாச் செய்வம்."

அப்படித்தான் தொடங்கியது.

கிரகத்துக்கு முதலில் நிலம் வேண்டும். மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்புகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள், உடைந்தவை, சந்தைப் பக்கம் குவிந்து கிடக்கும். அள்ளிக்கொண்டு வந்தோம். எவ்வளவு கழுவியும் சூடைமீன் மணம் போகவில்லை. அதனால் எங்கள் கிரகத்தில் கடைசிவரை சூடைமீன் மணந்தது. சூடாக்கிய கத்தியால் வெட்டினால் ரெஜிபோம் வெண்ணெய் மாதிரி இறங்கும். அதன் புகை கெட்டது, பிள்ளைகளே. நாங்கள் வெட்டவெளியில் செய்தோம். நீங்கள் வெட்டவெளியிலும் செய்ய வேண்டாம்.

பெரிய கண்டுபிடிப்பு தற்செயலாக நடந்தது. வாப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருந்த பெற்றோலில் இரண்டு துளி ஒரு ரெஜிபோம் துண்டில் சிந்தியது. 'சீ...' என்று ஒரு சின்னச் சத்தம். துளி விழுந்த இடம் உள்ளே இறங்கிக் குழியானது. ஓரம் சுருண்டு, அடி கண்ணாடி மாதிரி ஆனது. நானும் தங்கச்சியும் குனிந்து பார்த்தோம். நிலவில் உள்ள பள்ளம் அப்படியே! அன்று பின்னேரம் முழுக்கத் துளித் துளியாக விட்டு ஒரு நிலத்தையே பள்ளமாக்கினோம். அடுப்புச் சாம்பலைப் பசையில் குழைத்துப் பூசியதும் அது இந்த உலகத்து மண்ணாகத் தெரியவில்லை.

வெளிச்சத்துக்குத்தான் வழி தெரியவில்லை. மூலையில் இருந்த சாக்கைக் காட்டினேன்.

"அது எரியாது" என்றார் வாப்பா. "உப்புக் குடிச்ச பல்ப். வீணா மினக்கெடாத."

வாப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் தங்கச்சிக்கு ஒவ்வொன்றாகப் பார்க்க ஆசை. சரத்தை வெட்டி, பல்பின் கம்பி முனையைத் தகரத்தில் உரசி, டோர்ச் பெட்டரிகளை வரிசையாக வைத்துத் தொட்டாள். எரியவில்லை. அடுத்தது. எரியவில்லை. பிறகு ஒன்று, மஞ்சளாக, பழுத்த பனம்பழத்தின் உட்சதை மாதிரி, எரிந்தது.

"வாப்பா! உப்புத் துப்பிட்டிது!" என்று கத்தினாள்.

வாப்பா எழும்பி வந்தார். பல்பை வாங்கிப் பார்த்தார். சாக்கின் வாயை அவிழ்த்துக் கீழே இருந்தார். அன்று மக்ரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் மூன்று பேரும் பல்ப் சோதித்தோம். எரிகிறவை ஒரு கோப்பையில், எரியாதவை இன்னொரு கோப்பையில். "ஒரு சரத்தில மினுங்கி பல்ப் ஒண்டு போட்டாக் காணும். அது கண்ணடிச்சா மத்ததெல்லாம் கண்ணடிக்கும்" என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டார். பல மாதங்களுக்குப் பிறகு வாப்பா தொழில் கதைத்தது அன்றுதான்.

மேசைக்குத்தான் அந்தக் கதவை எடுத்தோம். வேறு பலகை இல்லை. சீமெந்துக் கல் அடுக்கி, கொட்டிலுக்குள் வாசலை ஒட்டிய முன்பக்கத்தில், செதுக்கிய பக்கம் கீழே இருக்கக் கதவைக் கிடத்தினோம். அதன்மேல் எங்கள் பள்ளமும் மேடும். வயர் கீழால் போனால்தான் அழகு என்று வாப்பா கைத்துறப்பணத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

உம்மா அகப்பையோடு ஓடி வந்தார். "என்னத்தச் செய்யிறீங்க? அது புள்ளட கதவு! அதிலயா ஓட்ட போடுறீங்க?"

"வீடே இல்ல" என்றார் வாப்பா. தலை நிமிரவில்லை. "கதவில ஓட்ட விழுந்தா என்ன, விழாட்டி என்ன."

உம்மா அகப்பையோடு உள்ளே திரும்பிப் போனார். அவர் அழுதது எனக்குத் தெரியும். துறப்பணம் சுற்றச் சுற்றப் பலாமரத்தின் மஞ்சள் தூள் என் கால் விரல்களில் விழுந்தது. அதன் மணம் இனிப்பாக இருந்தது. வாப்பா அந்தக் கதவைக் கைவிட்டுவிட்டார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. நகரத்துக்கு நல்ல ஓட்டை கிடைத்தது என்றுதான் சந்தோஷப்பட்டேன்.

உள்ளே படுத்திருந்த ராத்தா துறப்பணச் சத்தத்துக்கு எழும்பி வந்தா. அழப் போகிறா என்று நினைத்தேன். அவ கிரகத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தா. ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தா.

"இத வாசிச்சீங்களா?"

"விளங்கல்ல ராத்தா."

"விளங்காமலா இவ்வளவு கட்டின?" அப்படியே வாசித்து விளக்கத் தொடங்கினா. அளவு நாடாவால் அளந்துதான் சிப்பாயை நகர்த்த வேண்டும். தாயக்கட்டை போட்டுத்தான் சுட வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், சிப்பாயின் கண்ணுக்கு எதிரி தெரிய வேண்டும். அதற்குக் குந்தியிருந்து, பலகையின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் ராத்தா ஒரு மயிரிழையும் விட்டுக்கொடுக்க மாட்டா. "டேய், மேல நிண்டு பாத்துட்டுச் சுடுறியா? உன்ட சிப்பாய்க்குக் கழுத்து ஒட்டகத்துட கழுத்தா? குந்திப் பாருடா!"

குந்திப் பார்த்தேன். மேலே இருந்து பார்க்கும்போது அது ரெஜிபோம். குந்திப் பார்த்தால் தெரு, சுவர், வளைவு, வளைவுக்கு அப்பால் இன்னொரு வெளிச்சம். உள்ளே போகலாம் போல இருக்கும். சில நேரம் சுட வேண்டிய சிப்பாயை மறந்து அப்படியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ராத்தாவும் ஒரு வீடு செய்தா. பச்சைச் சோடாப் போத்தலின் அடிப்பாகத்தை வெட்டிக் கவிழ்த்தா. அடியில் உள்ள முண்டுகள் எல்லாம் கூரையில் எழும்பி, அது பூவும் அல்லாத வீடும் அல்லாத ஒன்றாக நின்றது. பச்சைப் பிளாஸ்ரிக் வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்று வாப்பா அந்த இடத்தில் மட்டும் துறப்பணத்தில் பெரிய அலகு போட்டு ஓட்டையைப் பெருப்பித்து, இரண்டு பல்ப் ஏற்றினார். மோட்டார் சைக்கிள் பெட்டரியில் வயரைத் தொட்டதும் மேசை முழுக்க எரிந்தது. கோபுரம் கண்ணடித்தது. தென்னை ஈர்க்கில் குத்தித் தொங்கவிட்ட இரண்டு ரெஜிபோம் நிலாவும் கீழிருந்து வெளிச்சம் வாங்கின. இருட்டு முகாமில், மண்ணெண்ணெய் விளக்குகளுக்கு நடுவில், அது ஒரு வேறு வெளிச்சம்.

முதலில் வந்தது பக்கத்துக் கொட்டில் சாச்சி. கதை கொண்டு திரிவதில் அவவை மிஞ்ச ஆள் இல்லை. வந்து பார்த்தா. ராத்தாவின் கையில் அளவு நாடா. வாயில் எண்கள். தெருக்கள், வீடுகள், லைட்.

"அல்லாஹ்வே! பிளான் வந்திட்டிதா?"

நாங்கள் வாய் திறக்க முதல் அவ போய்விட்டா. கொஞ்ச நேரத்தில் முகாமே எங்கள் வாசலில். "வீட்டுத் திட்டத்துட மாதிரி வந்திரிக்காம்!" வெள்ளை லைட் போட்ட உருண்டைக் கூரை எங்கள் கணக்கில் மின்சார நிலையம். அவர்கள் அதைப் பள்ளிவாசல் என்றார்கள்.

"பள்ளிக்குக் கிட்ட எனக்குத் தா மனே. முழங்கால் ஏலாது."

"கிணறு எங்க? கிணத்தக் காணல்லியே."

"அந்த மினுங்கிறது என்ன? சந்தியா? சந்தியில வீடு எண்டா நான் கடை போடுவன்."

எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "கடலுக்கு எவ்வளவு தூரம்?"

"இஞ்ச கடலே இல்ல" என்றாள் தங்கச்சி.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஒரு வயதான அப்பா. "எனக்கு ரெண்டு வீடு போடு."

பின்னால் நின்ற ஒரு மீன்பிடிகாரர் மட்டும் முன்னுக்கு வந்து நகரத்தை நன்றாகப் பார்த்தார். அவருடைய மனைவியைக் கடல் கொண்டுபோயிருந்தது. "கடல் இல்லாட்டி நான் என்னத்தத் திண்டு சீவிக்கிற?" என்று கேட்டார். அவர் போய்விட்டார். அடுத்த நாள் தங்கச்சி நீலப் பொலித்தீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கிரகத்தின் ஒரு மூலையில் ஒட்டினாள். "அந்த மாமாக்குக் கொஞ்சம் கடல்" என்றாள். பின்னேரம் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினாள். அவர் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு காணும்" என்றார்.

இது விளையாட்டு என்று ராத்தா சொன்னா, நானும் சொன்னேன். யாரும் காதில் போடவில்லை. மாதிரி வரும் என்று காத்திருந்தவர்கள். வந்தது மாதிரிதான் என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

இதற்கு நடுவில் மாமி வரப்போகிறார் என்று செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. எதற்கு வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். வேறு இடத்தில் பேச்சு முற்றிவிட்டது. இங்கே முறித்துச் சொல்லத்தான் வருகிறார். உம்மா காலையிலேயே எழும்பிக் கொட்டிலைக் கூட்டினார். வாப்பா சேட் மாற்றிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தார். ராத்தா சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினா.

"ஏன் ராத்தா எடுக்கிறீங்க?"

"ஆக்கள் வாற நேரம் துவக்கோட ஆரும் நிக்கப்படாது" என்றா. கடைசிச் சிப்பாயை மட்டும் பச்சை வீட்டுக்குப் பின்னால் விட்டுவிட்டா. மறந்தாவா, வேண்டுமென்றே விட்டாவா, தெரியாது.

வானம் மூடிக் கறுத்து, உள்ளே இருட்டாகத்தான் இருந்தது. தங்கச்சி கேட்காமலே லைட்டைப் போட்டுவிட்டாள். மாமி வந்தார். வெள்ளைச் சேலையில் முக்காடு போட்ட கட்டையான பெண். அத்தர் மணத்தது. பாய் விரித்து இருக்கச் சொன்னோம். மேசைக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. உம்மா தேத்தண்ணி கொடுத்தார். மாமி தொண்டையைச் செருமினார். இதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சாச்சி நுழைந்தா.

"மாமி! பாத்தீங்களா உங்கட மருமகட வீட்ட? இந்தா, பச்ச லைட் போட்டது. நல்ல மூலைக் காணி. மாதிரி வந்திட்டு, இனி வீடு வர எவ்வளவு நேரம்?"

உம்மாவுக்கு முகம் வெளுத்தது. ராத்தா தலையைக் குனிந்தா. மாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மேசைப் பக்கம் திரும்பினார். பாயில் இருந்ததால் அவருடைய கண் சரியாகப் பலகையின் மட்டத்துக்கு இருந்தது.

"அது என்ன, ரெண்டு நிலா?"

"தண்ணி டாங்கி" என்றா சாச்சி. கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"தொங்குதே புள்ள."

"புது மாதிரி மாமி. வெளிநாட்டு ஆக்கள் கட்டுற."

"ஓ. தொங்குற டாங்கி." மாமி தலையாட்டினார். "இந்தப் பொடியன் ஆரு, வீட்டுக்குப் பின்னால நிக்கிறவன்?"

"காவலுக்கு" என்றேன் நான். வேறு என்ன சொல்ல?

மாமி இன்னும் குனிந்தார். பலகைக்கு மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கையை நீட்டி மேசையின் அடியில் தடவினார். வயர் எங்காவது பிய்ந்துவிடுமோ என்று எனக்குப் பயம். வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்துச் சேலையில் துடைத்தார். உம்மாவைப் பார்த்தார்.

"நல்ல வீடுதான்" என்றார். "நாள் வைப்பம்."

சாச்சி அடுத்த நிமிடம் வெளியே ஓடினா. வாப்பா எழும்பி, எங்கே போவதென்று தெரியாமல், பெட்டரி வயரைத் திருகிச் சரிபார்த்தார். ராத்தா என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையில் சந்தோஷத்தைவிட ஆச்சரியம்தான் கூட.

கல்யாணம் தகரக் கொட்டிலில் நடந்தது. சாக்கில் மிஞ்சிய பல்பை எல்லாம் வாப்பா கொட்டிலைச் சுற்றிக் கட்டினார். பாதிதான் எரிந்தது. மீன்பிடிகாரர் ஒரு பெரிய பாரைமீன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை அந்தத் தகரத்துக்குள்ளேயே குடிவந்தார். மழைக் காலத்தில் சட்டி பானை எல்லாம் ஒழுக்குக்குப் பிடித்துவிட்டு இருவரும் உள்ளே சிரிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு கலக்கம். மாமி ஏமாந்துவிட்டார், உண்மை தெரியும் நாளில் என்ன நடக்குமோ என்று.

உண்மையான வீடுகள் வர வருடங்கள் ஆயின. ஒரே மாதிரிச் சாம்பல் நிறச் சின்ன வீடுகள். உருண்டைக் கூரை இல்லை, மூலைக் காணி இல்லை, தொங்குகிற டாங்கி இல்லவே இல்லை. வீட்டுத் திறப்பை வாங்கிப் பூட்டைத் திறந்த அன்று மாமி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. "அந்தக் கதவு எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வீட்டோடு கொடுத்தது மெல்லிய பலகைக் கதவு. அதைக் கழற்றிவிட்டு ராத்தாவின் பலாமரக் கதவை மாட்டினார்கள். அதற்குள் எங்கள் கிரகம் போய்விட்டது. ரெஜிபோமை எலி அரித்தது, நிலா ஒன்று காணாமல் போனது, சிப்பாய்கள் முகாமெங்கும் சிதறினார்கள். ஓட்டைகள் மட்டும் மிச்சம். மேசன் பூசி அடைக்க வந்தார். "வேணாம்" என்றா ராத்தா. "அப்பிடியே கிடக்கட்டும்."

நான் பெரியவனாகி, கலியாணம் முடித்து, நீங்கள் பிறந்த பிறகு ஒரு பெருநாளைக்கு ராத்தா வீட்டில் மாமிக்குப் பக்கத்தில் இருந்தேன். வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

"மாமி, அண்டைக்கு நீங்க பாத்தது வீட்டுத் திட்டம் இல்ல. நாங்க விளையாடச் செஞ்சது."

மாமி கரண்டியை வைத்தார். என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நிறைந்திருந்தது.

"ஏன்டா மனே, நான் என்ன மடச்சியா? ரெண்டு நிலாவக் காட்டித் தண்ணி டாங்கி எண்டா நம்புறதுக்கு?"

"அப்ப ஏன் நாள் வைப்பம் எண்டீங்க?"

"முறிக்கத்தான் வந்தன். பாயில இருந்தன். குனிஞ்சி பாத்தா, பலகைக்கு அடியில, ஒரு பிறை. நிச்சயத்துக்கு வந்த அண்டு நான் கை வெச்சித் திறந்த கதவு அது. சனமெல்லாம் மேல வீட்டப் பாத்து நிக்கிது. நான் கீழ கதவப் பாத்தன். வீட்டக் கடல் கொண்டு போயிட்டு. உன்ட வாப்பா கதவத் தேடிப் புடிச்சிக் கொண்டு வந்து வெச்சிரிக்காரு. கதவு வந்திட்டா வீடு எங்க போகும்?"

"அத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மாமி."

"சொந்தக்காரருக்கு நான் என்ன சொல்ற? கதவ நம்பிச் சம்பந்தம் முடிச்சன் எண்டா? சிரிப்பாங்க. உங்கட சாச்சி நல்ல காரணம் தந்தா." கரண்டியைத் திரும்ப எடுத்தார். "தொங்குற டாங்கி!"

மாமி இப்போது இல்லை. அல்லாஹ் அவருக்குச் சுவனத்தைக் கொடுப்பானாக. முகாமில் நாங்கள் எல்லோரும் பெரியவர்கள் பிழையாக விளங்கிக்கொண்டார்கள் என்று சிரித்தோம். சரியாக விளங்கிக்கொண்ட ஒருவர் பாயில் இருந்து தேத்தண்ணி குடித்ததைக் கவனிக்கவில்லை.

மகளே, மகனே, உங்கள் நீல லைட் நன்றாக இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை மக்ரிபுக்குப் பிறகு என் ராத்தா வீட்டுக்குப் போவோம். உங்களை வாசலில் சிறிது நேரம் நிற்பாட்டிவைத்து, உள்ளே லைட்டைப் போடச் சொல்கிறேன். கதவில் அங்கும் இங்குமாக வெளிச்சப் பொட்டுகள் தெரியும். நின்று பார்த்தால் அவ்வளவுதான். குந்தியிருந்து பாருங்கள். உங்கள் சிப்பாய்க்காகப் பார்ப்பதுபோல. கீழ்ப் பலகையின் மூலையில், மற்றவற்றைவிடப் பெரிதாக ஒரு ஓட்டை இருக்கும்.

அதுதான் பச்சை வீடு.